அப்பா வாடகைக்குக் கார் எடுக்கிறார்



இந்த இதழுக்குப் பயணக் கட்டுரை கேட்டார்கள். நான் எங்கேயும் பயணம் போகவில்லை, போகப் போவதும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் போகிறார்கள்: தாத்தா, அப்பா, அம்மா. மலேசியாவுக்கு. நானும் தம்பியும் அந்த ஆறு நாளும் அத்தை வீட்டில். ஆனால் மூன்று மாதமாக அந்தப் பயணத்துக்கு எழுத்து வேலை, படிக்கிற வேலை எல்லாம் பார்த்தது நான்தான். அதனால் எனக்கும் உரிமை உண்டு என்று தமிழ் ஐயாவிடம் வாதாடி இந்தத் தாளை வாங்கியிருக்கிறேன்.

முதலில் ஏன் போகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். தாத்தாவுக்கு ஒரே அக்கா. எங்களுக்கு மலேசியா அத்தைப்பாட்டி. கல்யாணமான மூன்றாம் மாதம், 1961-ல், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறிப் போனவர். கப்பல் கடலில் தூரத்திலேயே நிற்குமாம், ஆட்களைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்களாம். தாத்தா அப்போது நம்மைப் போலப் பையன். படகு போவதைக் கரையில் நின்று பார்த்ததை இப்போதும் சொல்லுவார். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அத்தைப்பாட்டி பால் மரம் வெட்டினார். 1984-ல் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தார், எம்.வி. சிதம்பரம் கப்பலில். மறு வருஷம் பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்து போனார்கள். அத்தோடு கப்பல் போக்குவரத்தும் நின்றது, அத்தைப்பாட்டி வருவதும் நின்றது.

இந்தச் சித்திரையில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வயசு எண்பத்து நாலு. எழுந்து நடக்க முடியவில்லை. அவருடைய பேத்தி போனில் சொன்னார்கள்: "பாட்டி சில நாள் எங்களையே யாருன்னு கேக்கிறாங்க. ஆனா தம்பி எப்ப வருவான்னு மட்டும் தினமும் கேக்கிறாங்க." தாத்தாவைத் தம்பி என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அவர் ஒருத்தர்தான்.

தாத்தா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பாவிடம், "ஏப்பா, பாஸ்போர்ட் எடுக்க எவ்வளவு ஆகும்?" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எனக்கு வேலை தொடங்கிவிட்டது.

பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, ஆகத் தாத்தாவுக்கு 1,350. பணம் பெரிய கஷ்டமாக இல்லை, பெயர்தான் கஷ்டம். நம்ம ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துப் போட்டால் முடிந்தது. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்து அப்பா பெயரை முழுசாக எழுத வேண்டும். தாத்தாவின் பெயர் தமிழில் ஒன்றுதான். ஆங்கிலத்திலோ ஆதாரில் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. ஒன்றில் ஓர் எழுத்துக் கூட, இன்னொன்றில் குறைய. விமான டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். பிறகு திருத்துவதற்கு அலைய வேண்டும், காசும் போகலாம். அதனால் பாஸ்போர்ட் மூன்றும் கையில் வருகிற வரைக்கும் டிக்கெட் பக்கமே போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது போவதாக இருந்தால் முதலில் எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்பா பாஸ்போர்ட்டில் இன்னொரு சங்கதி. அவர் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவர். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு ஈ.சி.ஆர். என்று வரும். 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிற அப்படிப்பட்டவர்கள், ஏமாந்துவிடாமல் இருக்க, முதலில் அரசாங்க அனுமதி வாங்க வேண்டும். அந்த 18-ல் மலேசியாவும் ஒன்று. சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவருக்கு அது தேவையில்லை. ஆனாலும் திரும்பி வருகிற டிக்கெட், தங்கும் வீட்டு முகவரி எல்லாம் கையில் இருக்க வேண்டும். அப்பா அந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, "பத்தாவது முடிச்சிருந்தா ஒரு முத்திரை மிச்சம்" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று எனக்குப் புரிந்தது.

விசா இப்போதைக்குப் பிரச்சினை இல்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போய் வரலாம். 2026 டிசம்பர் 31 வரை இதை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் போய்ச் சேருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் வருகைப் படிவம் ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. "உங்களுக்காக நாங்கள் நிரப்பித் தருகிறோம்" என்று காசு கேட்கிற இடங்கள் இருக்கின்றன, அங்கே போகாதீர்கள்.

இனி டிக்கெட் கதை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் நாலு மணி நேரம். மலிவு விலை விமானம் எப்படி மலிவாகிறது என்று நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஏர் ஏசியா நிறுவனத்தை 2001-ல் டோனி பெர்னாண்டஸ் என்பவர் ஒரே ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கினாராம். ஒரு ரிங்கிட்டுக்கு விமான நிறுவனமா என்று வாயைப் பிளக்க வேண்டாம், அதோடு பெரிய கடனையும் சேர்த்துத்தான் வாங்கினார். இப்படிப்பட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே வகை விமானத்தை வைத்துக்கொள்கின்றன. அப்போது உதிரிச் சாமான், பயிற்சி எல்லாம் ஒரே மாதிரி. இறங்கிய விமானத்தை அரை மணி நேரத்துக்குள் திரும்பக் கிளப்பப் பார்க்கின்றன. நின்றுகொண்டிருக்கிற வண்டி சம்பாதிக்காது என்று அப்பா அடிக்கடி சொல்வார். அதே கணக்குத்தான். அப்புறம் டிக்கெட் என்றால் வெறும் ஆள் மட்டும். சாப்பாடு தனி, பெட்டி தனி, பக்கத்துப் பக்கத்து இருக்கை வேண்டுமானால் அதுவும் தனி.

அப்பா திருச்சியில் டூரிஸ்ட் டாக்சி ஓட்டுகிறார், இருபத்திரண்டு வருஷமாக. அதனால் முதல் பக்கத்தில் காட்டுகிற விலையை அவர் நம்பவே இல்லை. "கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு நானும்தான் சொல்லுவேன். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் அப்புறந்தானே வரும். கடைசிப் பக்கத்தைக் காட்டு" என்றார். கடைசிப் பக்கம் போவதற்குள் காப்பீடு, சாப்பாடு, இருக்கை என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. வேண்டாம், வேண்டாம் என்று அழுத்தி வந்ததில் என் விரலே வலித்தது. ஆனால் இரண்டுக்கு மட்டும் அப்பா வேண்டும் என்றார். ஒன்று தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் சேர்ந்தாற்போல இருக்கை. இன்னொன்று பயணக் காப்பீடு, அதுவும் தாத்தா வயசுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முழுசாகப் படித்த பிறகு. ஏனென்றால் அந்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. "நடுவுல நான் படுத்துட்டா உன் காசு போயிடுமே" என்று தாத்தா ஒரு வாரம் புலம்பினார்.

தேதிதான் என் தலையில் விடிந்தது. பள்ளிக்கூடம் லீவு விடுகிற நாட்களில் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. செவ்வாய், புதன் என்று நடுவாரத்தில், அதுவும் பள்ளி நடக்கிற மாதத்தில் குறைவு. அந்தக் குறைந்த விலையில் மூன்று டிக்கெட்தான் முடியும். லீவு நாளில் போனால் இரண்டுகூட முடியாது. அத்தைப்பாட்டி எங்கள் லீவு வருகிற வரைக்கும் காத்திருப்பாரா என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நானே அந்தச் செவ்வாய்க்கிழமையை அழுத்தினேன்.

அதிலும் ராத்திரி விமானம், காலை விமானம் என்று இரண்டு இருந்தது. ராத்திரி விமானம் ஆளுக்கு 700 ரூபாய் குறைவு. நான் அதைத்தான் காட்டினேன். அப்பா, "ராத்திரி முழுக்கத் தூங்காம இறங்கி, தெரியாத ஊர்ல, வயசானவரை வெச்சுக்கிட்டு 280 கிலோமீட்டர் ஓட்டுறதா? காசு கொடுத்து வர்ற பார்ட்டிக்கே நான் அப்படி ஓட்ட மாட்டேன். எங்கப்பாவை வெச்சு ஓட்டுவேனா?" என்றார். காலை விமானமே போட்டோம்.

ஆமாம், கார். அப்பா அங்கே கார் வாடகைக்கு எடுக்கிறார்! வாழ்நாள் எல்லாம் மற்றவர்களுக்கு வாடகைக்கு ஓட்டியவர், முதல் தடவையாக வாடிக்கையாளராகப் போகிறார். தெருவில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. பெரியப்பாகூட "பஸ் இல்லையாடா அந்த ஊர்ல?" என்றார். பஸ் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது, சுங்கை சிப்புட்டிலேயே நிற்கிற ரயில். இரண்டு பேர், நல்ல கால் உள்ளவர்கள் போனால் ரயில்தான் லாபம் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் தாத்தாவுக்கு முழங்கால் வலி, மாறி மாறி ஏறி இறங்க முடியாது. அத்தைப்பாட்டி வேலை பார்த்த தோட்டத்தையும் அவர் பார்க்க ஆசைப்படுகிறார், அங்கே ரயில் போகாது. அந்த வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களைத் தினமும் வண்டி எடுக்கச் சொல்ல முடியுமா?

நம்ம லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தருகிறார்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். சின்னப் புத்தகம் மாதிரி இருக்கிறது, ஒரே விஷயம் பல மொழியில். 1949-ல் ஜெனீவாவில் நாடுகள் செய்துகொண்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி வந்தது இது. சமூக அறிவியல் டீச்சர் கேட்டால் சொல்லுங்கள். அப்பா லைசென்ஸில் முன்னெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் விரித்த பெயர். இது ஒத்துக்கொள்ளப்படுமா என்று கார் கொடுக்கிறவர்களுக்கு நான் மின்னஞ்சல் எழுதினேன். இரண்டையும் கொண்டு வந்தால் போதும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பிரிண்ட் எடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறோம்.

கார் நிபந்தனைகள் ஆறு பக்கம். நான் படித்துச் சொல்லச் சொல்ல, அப்பா கேட்ட கேள்விகளைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். "ஸ்டெப்னி இருக்கா? ஜாக்கி இருக்கா? பெட்ரோல் எந்த அளவுல குடுப்பான், எந்த அளவுல கேப்பான்? இடிபட்டா முதல்ல நம்ம கையிலிருந்து எவ்வளவு போகும்? முன்பணம் அட்டையில பிடிப்பானா, ரொக்கமா? எத்தனை நாள்ல திருப்பித் தருவான்?" இடிபட்டால் குறிப்பிட்ட தொகை வரைக்கும் நாமே கட்ட வேண்டும், அதற்கு மேல்தான் காப்பீடு என்று ஐந்தாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. நாளுக்கு இவ்வளவு என்று கூடக் கட்டினால் அந்தத் தொகை குறையும். "அதைக் கட்டிடு. ஓட்டுறவன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் எதிர்ல வர்றவன் யாருன்னு தெரியாது" என்றார். வண்டியை எடுக்கும்போது சுற்றிலும் உள்ள கீறலையும், மீட்டரையும், பெட்ரோல் முள்ளையும் படம் எடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார். நம் வீட்டு வண்டியில்தான் ஒத்திகை நடந்தது. அதில் உள்ள கீறல் மொத்தம் பதினொன்று. அம்மா எண்ணிச் சொன்னதும் அப்பா முகம் கொஞ்சம் வாடியது.

அங்கேயும் நம்ம மாதிரி இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கம். அது பெரிய நிம்மதி. ஆனால் நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வரை போகலாம். டோலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், டச் அண்ட் கோ என்ற அட்டையைத் தொட வேண்டும். நுழையும்போது எந்த அட்டையோ வெளியே வரும்போதும் அதே அட்டை. பெட்ரோல் பங்கில் போடுகிற ஆள் இல்லை, கவுண்டரில் பணம் கட்டிவிட்டு நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். பின் இருக்கையில் உட்காருகிறவரும் பெல்ட் போட வேண்டும், அது 2009 முதல் சட்டம். தாத்தாவுக்கு இதுவும் ஒத்திகை. "என்னைக் கட்டிப்போடுறீங்களே" என்கிறார்.

பலகைகள் மலாய் மொழியில் இருக்கும். எழுத்து ஆங்கில எழுத்துத்தான், வார்த்தைதான் வேறே. நான் காலண்டர் அட்டையை வெட்டி எழுதிக் கொடுத்தேன்: உத்தாரா, வடக்கு. செலாத்தான், தெற்கு. கெலுவார், வெளியேறும் வழி. பெர்ஹென்தி, நில். ஆவாஸ், ஜாக்கிரதை. கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகிற அந்த நெடுஞ்சாலைக்குப் பெயரே உத்தாரா செலாத்தான்தான். அப்பா வண்டி கழுவும்போது நான் தமிழில் கேட்பேன், அவர் மலாயில் சொல்வார். தம்பி இப்போது என்னை எதற்கெடுத்தாலும் "பெர்ஹென்தி!" என்று கத்துகிறான். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர்தான் துன் வீ.தி. சம்பந்தன். மலேசியா விடுதலை அடைந்த காலத்தில் அமைச்சராக இருந்தவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர்களையே பங்கு சேர்க்க வைத்துத் தோட்டம் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தை 1960-ல் தொடங்கினார். அத்தைப்பாட்டி வீட்டுச் சுவரில் அவர் படம் தொங்குவதை வீடியோ அழைப்பில் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் மூட்டை. இதில்தான் வீட்டில் சண்டை வந்தது. கையில் ஆளுக்கு 7 கிலோ, அதற்குக் காசு இல்லை. கீழே போடுகிற பெட்டி ஒன்றே ஒன்று, 20 கிலோ, காசு கட்டி வாங்கினோம். விமான நிலையத்தில் போய் வாங்கினால் இன்னும் அதிகம் என்பதால் முன்னாடியே. ஆக மொத்தம் 41 கிலோ. அம்மா முறுக்கு, அதிரசம், வடகம், மாவடு என்று பட்டியல் போட்டார். கொப்பரைத் தேங்காய்க்கு அனுமதி இல்லை என்றேன். எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கக் கூடியதாம். மாவடுவைக் கையில் கொண்டுபோக முடியாது, 100 மில்லிக்கு மேல் தண்ணிச் சரக்கு எதுவும் கைப்பையில் ஆகாது. பவர் பேங்க் மட்டும் தலைகீழ், அது கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் கூடாது. 100 வாட் மணி வரைக்கும் அனுமதி. நம்முடையது 20,000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட். பெருக்கினால் 74. அறிவியல் சார், சரிதானே?

அப்போது தாத்தா பரணிலிருந்து வெண்கலப் பானையை இறக்கச் சொன்னார். அவருடைய அம்மா பொங்கல் வைத்த பானை. 1961-ல் அத்தைப்பாட்டிக்குச் சீராகக் கொடுக்க எடுத்து வைத்து, கப்பலில் வேண்டாம், அடுத்த தடவை எடுத்துக்கலாம் என்று நிறுத்திவிட்டார்களாம். 1984-ல் வந்தபோது எங்கள் அப்பாயி அதில்தான் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். அத்தைப்பாட்டி, "இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 3 கிலோ 600.

அப்பா, "அப்பா, அவங்க படுத்த படுக்கையா இருக்காங்க. இதை வெச்சு என்ன பண்ணுவாங்க? அந்த எடைக்கு மருந்து, துணி கொண்டு போகலாம்" என்றார். தாத்தா, "அது அவ சாமான். நான் இல்ல அறுபது வருஷமா வெச்சிருக்கேன்" என்றார். இரண்டு நாள் பேச்சில்லை. எனக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. அப்பா சொன்னதில் கணக்குச் சரி. ஆனால் தாத்தா தனக்காகக் கேட்டது அது ஒன்றுதான்.

அம்மாதான் தீர்த்து வைத்தார். "என்னங்க, பானைன்னா உள்ள காலியாத்தானே இருக்கு? முறுக்கு டப்பாவுக்குப் பதிலா பானைக்குள்ளயே முறுக்கை அடுக்கிடுறேன். டப்பா எடை மிச்சம். என் பட்டுச் சேலை ரெண்டும் வேணாம். மாமா, உங்களுக்கு எத்தனை வேட்டி?" தாத்தா, "கட்டியிருக்கிறது போக ரெண்டு போதும்" என்றார். நேற்று கடைத் தராசில் பெட்டி 19 கிலோ 700. தாத்தாவின் ரத்த அழுத்த மாத்திரைகள், டாக்டர் சீட்டோடு, அம்மாவின் கைப்பையில்.

சக்கர நாற்காலி மட்டும் இன்னும் தகராறில் இருக்கிறது. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். தாத்தா, "நான் என்ன நோயாளியா, நடந்தே போவேன்" என்கிறார். 2024-ல் திறந்த புது முனையத்தின் உள்ளே எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அப்பா அவரை ஒரு நாள் வண்டியில் கூட்டிப்போய் வெளியிலிருந்தே காட்டிவிட்டு வந்தார். வந்ததும் தாத்தா, "பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் தாத்தா பாஷையில் பாதி சம்மதம்.

நேற்று ராத்திரி வருகைப் படிவத்துக்காக எல்லா விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். தாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்க இறங்கினதும் கடிகாரத்தை ரெண்டரை மணி நேரம் முன்னால தள்ளி வைக்கணுமாமே?" என்று கேட்டார்.

"ஆமா தாத்தா. அங்க நமக்கு முந்தியே விடிஞ்சிடும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் ஞாயித்துக்கிழமை நான் போன் போடுறப்பல்லாம் எங்க அக்கா சாப்பிட்டு முடிச்சிருக்கா" என்றார்.

- ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு